பிரிட்டன் அரசின் மொத்தக் கணக்கு: தாமதமாக வந்ததா, வந்தும் வராததா?

#1 சும்மா_கேட்டேன் (கோவை)

நண்பர்களே, கணக்கு வழக்கு தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்க முடியுமா? பிரிட்டனில் அரசு, நகர சபைகள், மருத்துவமனைகள், பள்ளிகள் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கணக்காக வெளியிடுகிறார்களாம். 2022-23க்கான அந்தக் கணக்கு 2024 நவம்பரில்தான் வந்திருக்கிறது. அதற்குப் பிறகும் தணிக்கையாளர் "நான் கருத்துச் சொல்ல மாட்டேன்" என்று எழுதிவிட்டாராம்.

டீக்கடையில் பத்து ரூபாய் ஜிபேயில் போட்டால் ஒரு விநாடியில் ஸ்பீக்கர் கத்துகிறது. ஒரு நாட்டின் கணக்கைக் கூட்ட இருபது மாதமா? அப்படிக் கூட்டியும் சரியென்று சொல்ல ஆள் இல்லையென்றால் அதை எதற்கு வெளியிட வேண்டும்? சும்மா கேட்டேன்.

#2 கொக்கி

எதற்கு ஆச்சரியம், அரசு வேலை என்றால் அப்படித்தான். இங்கே பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி காலாண்டுக் கணக்கை 45 நாளில் கொடுக்க வேண்டும், ஆண்டுக் கணக்கை 60 நாளில். நூறு துணை நிறுவனம் இருந்தாலும் அதே 60 நாள்தான், தவறினால் அபராதம். நான் ஆடிட் பக்கம்தான் பிழைப்பு ஓட்டுகிறேன், மே மாதம் தூக்கமே கிடையாது. அரசுக்கு அபராதம் யார் போடுவது? அதனால் தூங்குகிறார்கள். மேட்டர் முடிந்தது.

#3 பேரேடு (லண்டன்)

முடியவில்லை. நான் இங்கே ஒரு கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) நிதிப் பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறேன் (எந்தக் கவுன்சில் என்று கேட்காதீர்கள்). மேலே சொன்ன மொத்தக் கணக்குக்கு எங்களிடமிருந்தும் வருடா வருடம் ஒரு படிவம் போகும், அதை நிரப்புகிற பாவப்பட்ட ஜென்மங்களில் நானும் ஒருத்தி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொக்கி சொன்ன கம்பெனி ஒப்பீடு. தாய்க் கம்பெனி துணைக் கம்பெனிக்கு "ஏப்ரல் 15க்குள் எண் வர வேண்டும்" என்று மெயில் போட்டால் வந்துவிடும், ஏனென்றால் அந்த நிதி மேலாளரின் போனஸ் அங்கே இருக்கிறது. கவுன்சில் ஒன்றும் நிதியமைச்சின் துணைக் கம்பெனி இல்லை. தனியாகத் தேர்தல், தனி வரி, தனிக் கணக்கு, தனிக் கணக்காய்வாளர். நாங்கள் எண் அனுப்பாவிட்டால் நிதியமைச்சு நினைவூட்டல் அனுப்பும். அதற்கும் அனுப்பாவிட்டால் இன்னொரு நினைவூட்டல் வரும். அவ்வளவுதான்.

இந்தக் கணக்குக்கு 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஆனால் முதல் தொகுப்பு 2009-10க்கு, அது வெளிவந்தது 2011 நவம்பரில். இன்றைக்கு 10,000க்கு மேற்பட்ட அமைப்புகள் அதற்குள் இருக்கின்றன. அதிலும் ஒரு கூத்து, எங்கள் எல்லோருக்கும் வருடம் மார்ச் 31ல் முடியும், அகாடமி பள்ளிகளுக்கு (கவுன்சிலுக்குக் கீழ் வராத அரசு நிதிப் பள்ளிகள்) மட்டும் ஆகஸ்ட் 31. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்க வேண்டும்.

அப்புறம் உள்கொடுக்கல் வாங்கல். கவுன்சில் மருத்துவமனைக்குக் கொடுத்த பணம் எனக்குச் செலவு, அவர்களுக்கு வரவு. மொத்தக் கணக்கில் இரண்டையும் அடித்துவிட வேண்டும், இல்லையென்றால் அரசு தனக்குத் தானே கொடுத்ததைச் செலவென்று காட்டும். அடிப்பதற்கு இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டுமே! நான் 4 லட்சம் பவுண்டு என்பேன், அவர்கள் 3 லட்சத்து 62 ஆயிரம் என்பார்கள், பாக்கிக்கு மார்ச் 29 தேதியிட்ட ஒரு விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) யாருடைய இன்பாக்ஸிலாவது தூங்கிக்கொண்டிருக்கும்.

#4 சும்மா_கேட்டேன்

// தனிக் கணக்காய்வாளர் //

அண்ணா, கணக்காய்வாளர் என்றால் தணிக்கையாளர்தானே?

#5 பேரேடு (லண்டன்)

அண்ணா இல்லை தம்பி, அக்கா. அதே ஆள்தான். நீங்கள் தணிக்கை என்பீர்கள், எங்கள் ஊரில் கணக்காய்வு. எனக்குத் தணிக்கை என்றால் சினிமாவில் முத்தக் காட்சியை வெட்டுவதுதான் ஞாபகம் வரும்.

#6 தேனாம்பேட்டை (சென்னை)

இந்த இழையைப் பார்த்ததும் பழைய ஞாபகம். அண்ணா சாலையில் ஏஜி ஆபீஸில், அதாவது மாநிலக் கணக்காயர் அலுவலகத்தில் (கணக்குப் பிரிவு, தணிக்கைப் பிரிவு அல்ல, இரண்டும் வேறு) முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். பிரிட்டன் கதையை அம்மா சொல்லட்டும். தாமதம் எங்கே பிறக்கிறது என்பதற்கு நம் பக்கத்துக் கதை ஒன்று.

1976ல் மத்திய அரசின் கணக்கைப் பிரித்து அந்தந்த அமைச்சகத்திடம் கொடுத்துவிட்டார்கள். மாநிலங்களின் கணக்கை இன்றும் ஏஜி ஆபீஸ்தான் தொகுக்கிறது. நான் சேர்ந்த காலத்தில் கருவூலத்திலிருந்து மாதா மாதம் செலவுச் சீட்டுகள் கட்டுக் கட்டாக நூல் போட்டு வரும். ஒவ்வொரு சீட்டிலும் கணக்குத் தலைப்பு எண் இருக்க வேண்டும். 2202 என்றால் பொதுக் கல்வி. 2220 என்றால் செய்தி, விளம்பரம். ஒரு குமாஸ்தா சாப்பாட்டு நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் 2202ஐ 2220 என்று எழுதிவிட்டால், ஒரு பள்ளியின் மொத்த ஆசிரியர் சம்பளமும் விளம்பரச் செலவாகிவிடும். கூட்டல் சரியாகத்தான் இருக்கும், ஒரு பைசா தப்பாது. கணக்கு மட்டும் பொய்.

அதைப் பிடிக்கத்தான் துறைகளிலிருந்து ஆள் வந்து எங்கள் எண்ணோடு அவர்கள் எண்ணை ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பாதிப் பேர் வருவார்கள், கேன்டீனில் காபி குடிப்பார்கள், "சார், எங்க ரிஜிஸ்டர் இன்னும் போஸ்ட் பண்ணல" என்பார்கள். தலைப்பு தெரியாத தொகை எல்லாம் அனாமத்துக் கணக்கில் போய் உட்காரும். அதன் எண் 8658, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மார்ச் முடிந்த பிறகும் திருத்தம் போடுவதற்காக "மார்ச் துணைக் கணக்கு" என்று ஒன்றைத் திறந்து வைத்திருப்போம். காலண்டரில் ஜூலை, எங்கள் மேஜையில் இன்னும் மார்ச்.

#7 கொக்கி

ஐயா, அதெல்லாம் பழைய காலம். இப்போது ஐஎஃப்எச்ஆர்எம்எஸ், களஞ்சியம் என்று கருவூல சாஃப்ட்வேர் எல்லாம் வந்துவிட்டதே? பில் போடும்போதே தலைப்பைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இனிமேல் என்ன சாக்கு?

#8 தேனாம்பேட்டை (சென்னை)

தம்பி, நூல் கட்டு போய்விட்டது, உண்மை. தப்பான தலைப்பை இப்போது மவுஸால் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சீட்டு வந்தால் போதுமா? பணம் கொடுத்த காரியம் நடந்ததா என்று சொல்கிற காகிதம் வர வேண்டும். அவசரத்துக்கு முன்பணமாக எடுப்பது ஏசி பில், செலவழித்த விவரத்தோடு பிறகு கொடுக்க வேண்டியது டிசி பில். ஏசி ஓடிவரும், டிசி தவழ்ந்து வரும். மானியத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ். பீகாரில் 2024 மார்ச் கடைசி நிலவரப்படி 70,877 கோடி ரூபாய்க்கான 49,649 சான்றிதழ்கள் வரவில்லை என்று சிஏஜி (இந்தியத் தலைமைத் தணிக்கையாளர்) அறிக்கையே சொல்கிறது. பணம் காணாமல் போனது என்று இதற்கு அர்த்தமில்லை. போகவில்லை என்று சொல்லவும் யாராலும் முடியாது என்பதுதான் அர்த்தம். எந்த சாஃப்ட்வேர் அந்தச் சான்றிதழை எழுதும்?

#9 வடலி (யாழ்ப்பாணம்)

எங்கட பக்கத்தையும் ஒரு வரி. இலங்கையில் அரசியலமைப்பிலேயே காலக்கெடு இருக்கிறது, நிதியாண்டு முடிந்து பத்து மாதத்துக்குள் கணக்காய்வாளர் தலைமை அதிபதி பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும் (உறுப்புரை 154). இந்தியாவிலும் இப்படி ஒன்று இருக்கிறதா?

#10 தேனாம்பேட்டை (சென்னை)

இல்லை. அரசியலமைப்பின் 151ஆம் பிரிவு, சிஏஜி அறிக்கை ஆளுநரிடம் போக வேண்டும், அவர் அதைச் சட்டமன்றத்தில் வைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. எத்தனை நாளில் என்று சொல்லவில்லை. டெல்லியில் என்ன நடந்தது என்று பார்த்தீர்களே, 14 அறிக்கைகள் கிடப்பில் கிடந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், ஆட்சி மாறிய பிறகு 2025 பிப்ரவரியில்தான் அவையில் வைக்க ஆரம்பித்தார்கள். அது கணக்குப் போடுவதில் வந்த தாமதம் இல்லை, போட்ட கணக்கைப் பெட்டியில் வைத்திருந்த தாமதம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

#11 சும்மா_கேட்டேன்

ஐயா, அப்படியென்றால் நம் மாநிலக் கணக்கில் "தொகுநிதியம்" என்று வருகிறதே, அதுதான் பிரிட்டன் மாதிரி எல்லாவற்றையும் தொகுத்த கணக்கா?

#12 தேனாம்பேட்டை (சென்னை)

நல்ல கேள்வி, நிறையப் பேர் விழுகிற குழி இது. தொகுநிதியம் என்பது ஒரு பெட்டி. வரி, கடன் எல்லாம் அதில் விழும், சட்டமன்ற அனுமதியோடு அதிலிருந்து எடுப்பார்கள். அம்மா சொல்கிற தொகுத்த கணக்கு வேறு, குடும்பத்தில் இருக்கிற எல்லோருடைய பெட்டியையும் திறந்து ஒன்றாக எண்ணுவது. நம் மாநில நிதிக் கணக்கில் மாநகராட்சி, ஊராட்சி, மின்வாரியக் கணக்கு எதுவும் கலக்காது. அவர்களுக்குக் கொடுத்த மானியம், கடன், போட்ட முதலீடு, நின்ற ஜாமீன் மட்டும்தான் தெரியும். அதுவும் ரொக்கக் கணக்கு. காண்டிராக்டருக்குப் பாக்கி வைத்தால் அது கணக்கிலேயே வராது, கொடுத்த வருடத்தில்தான் வரும். பாக்கி வைப்பதில் இப்படி ஒரு சௌகரியம்!

மத்திய, மாநிலக் கணக்குகளைச் சேர்த்து சிஏஜி ஒரு தொகுப்பு போடுவதுண்டு. அதிலும் உள்ளாட்சி கிடையாது. ஆக, பிரிட்டன் தாமதமாகச் செய்கிற வேலையை நாம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. எனவே அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் கொஞ்சம் மெதுவாகச் சிரிக்கவும்.

#13 மழைக்காகம்

// இருபது மாதமா? //

இந்த இருபது மாதம் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே? இதற்கு முன்னால் இப்படி இல்லை என்று நினைக்கிறேன்.

#14 பேரேடு (லண்டன்)

சரியாகப் பிடித்தீர்கள், நான் சொல்ல வந்ததே அதைத்தான், கணக்காய்வு-தணிக்கையில் திசை மாறிவிட்டது.

2018-19 கணக்கு 2020 ஜூலையில் வந்தது, பதினாறு மாதம். 2019-20 கணக்கு 2022 ஜூனில், 26 மாதம். கொரோனா ஒரு காரணம், நிதியமைச்சு எண்களைத் திரட்டுகிற கணினி முறையை அதே நேரத்தில் மாற்றியது இன்னொரு காரணம். 2020-21 கணக்கு 2023 ஜூலையில், 27 மாதத்துக்கும் மேல். அதன் பிறகு வேகம் பிடித்தது. 2021-22க்கு 24 மாதம், 2022-23க்கு 20, 2023-24 கணக்கு 2025 ஜூலையில், பதினைந்தரை மாதத்தில்.

முன்னேற்றம் என்று கைதட்டத் தோன்றும். ஆனால் 2022-23ல் என்ன நடந்தது பாருங்கள். இங்கிலாந்தில் 426 உள்ளாட்சி அமைப்புகள். அதில் கணக்காய்வு முடிந்த நம்பத் தகுந்த எண் அனுப்பியது 43. எதுவுமே அனுப்பாதது 187. மிச்சம் உள்ளவர்கள் கணக்காய்வு முடியாத எண்ணை அனுப்பினார்கள். நிதியமைச்சு இனிமேல் காத்திருப்பதில்லை என்று அதை வைத்தே தொகுத்தது. தலைமைக் கணக்காய்வாளர் கேரத் டேவிஸ், கருத்துக் கூற இயலாது என்று டிஸ்க்ளெய்மர் கொடுத்தார். முதல் தொகுப்பிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஏதாவது குறை சுட்டித்தான் சான்று கொடுத்திருக்கிறார்கள், ஒரு வருடமும் சுத்தமாக இருந்ததில்லை. ஆனால் கருத்தே கூற முடியாது என்றது அதுதான் முதல் தடவை. அடுத்த வருடமும் அதே டிஸ்க்ளெய்மர்.

அதாவது கணக்கில் ஓட்டை பெரிதாகப் பெரிதாகக் கணக்கு சீக்கிரம் வருகிறது. வராதவர்களுக்காகக் காத்திருப்பதை நிறுத்திவிட்டால் கல்யாணம் குறித்த நேரத்தில் நடக்கத்தானே செய்யும், மாப்பிள்ளை வந்தாரா என்பது வேறு கேள்வி.

#15 கொக்கி

சரி, 187 பேர் ஏன் அனுப்பவில்லை? நீங்கள்தான் அந்தப் பக்கம் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

#16 பேரேடு (லண்டன்)

சொல்கிறேன், கோபம் வராமல் சொல்ல முயற்சி செய்கிறேன்.

முன்பு உள்ளாட்சிகளின் கணக்காய்வைப் பார்த்துக்கொள்ள ஆடிட் கமிஷன் என்று ஒரு பொது அமைப்பு இருந்தது. 2010ல் அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ் அதைக் கலைக்கப் போவதாக அறிவித்தார், 2015 மார்ச்சோடு மூடினார்கள். வேலை தனியார் நிறுவனங்களிடம் போனது. 2012லேயே கட்டணத்தை 40 சதவீதம் வெட்டினார்கள். மலிவு என்று எல்லோருக்கும் சந்தோஷம். கட்டணம் குறைந்தால் ஆள் குறையும், இருக்கிறவர்களும் நல்ல சம்பளத்துக்குக் கம்பெனி ஆடிட் பக்கம் போவார்கள் (கொக்கிக்குத் தெரியும்). அதே நேரத்தில் கம்பெனிகள் விழுந்ததால் கணக்காய்வுத் தரம் பற்றிய கண்டிப்பு கூடியது. குறைந்த ஆள், கூடின கேள்வி.

கேள்வி என்றால் எப்படிப்பட்ட கேள்வி? 2022 ஆரம்பத்தில் நாடு முழுவதும் கணக்காய்வாளர்கள் திடீரென்று சாலைகளைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். தார் ரோட்டின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால், புதிய தாரின் செலவைச் சொத்தில் சேர்க்கிறீர்கள், சரி, சுரண்டி எடுத்த பழைய தாரின் மதிப்பைச் சொத்திலிருந்து கழித்தீர்களா? யாரும் கழிக்கவில்லை. 1990களில் போட்ட தாரின் இன்றைய மதிப்பு எந்தப் புண்ணியவானுக்குத் தெரியும்? அந்த ஒரு கேள்விக்காக எத்தனையோ கணக்குகள் மாதக்கணக்கில் நின்றன. கடைசியில் டிசம்பரில் அரசே ஒரு விதி போட்டு, அதைக் கழிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டது. கவுன்சில் ரோட்டை விற்கப் போவதில்லை, அது வேறு விஷயம்.

அது முடிந்து மூச்சு விட்டால் ஓய்வூதிய மதிப்பீடு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஓய்வூதிய நிதியை மறுமதிப்பீடு செய்வார்கள். 2022 மார்ச் 31 தேதிக்கான முடிவு 2023 மார்ச்சில் வந்தது. எங்கள் 2021-22 கணக்கு அதற்குள் முடிந்திருந்தால் கவலை இல்லை. முடியாததால் புதிய எண்ணை வைத்து ஓய்வூதியக் குறிப்பு முழுவதையும் திரும்ப எழுத வேண்டி வந்தது. பாருங்கள், தாமதமே அடுத்த தாமதத்தைப் பெற்றுப்போட்டது. எங்கள் அலுவலகத்தில் அந்த வசந்த காலத்தில் ஒரே மேஜையில் மூன்று வருடக் கணக்கு திறந்து கிடந்தது. ஒரு வருடத்தில் ஒரு எண்ணைத் திருத்தினால் மற்ற இரண்டின் ஆரம்ப இருப்பும் மாறும். முதல் வருடக் கணக்கைத் தயாரித்த பையன் வேலையை விட்டே போய்விட்டான். அவன் போட்ட ஒரு பதிவுக்குப் பக்கத்தில் "பார்க்க: என் மெயில்" என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த மெயில் கணக்கு எப்போதோ மூடியாகிவிட்டது.

2022-23 கணக்குகளுக்குக் கெடு 2023 செப்டம்பர் 30. அந்தத் தேதிக்குள் கணக்காய்வு முடித்தவை 467 அமைப்புகளில் ஐந்து (மேலே சொன்ன 426 வேறு பட்டியல்). எழுத்துப் பிழை இல்லை, ஐந்துதான். பழைய வருடங்களையும் சேர்த்து 918 கணக்காய்வுகள் நிலுவை.

#17 மழைக்காகம்

அம்மாடி. அப்புறம் எப்படி அடைத்தார்கள்?

#18 பேரேடு (லண்டன்)

சட்டம் போட்டு அடைத்தார்கள். 2022-23 வரையிலான பழைய கணக்கு எல்லாவற்றையும் 2024 டிசம்பர் 13க்குள் வெளியிட வேண்டும், கணக்காய்வு முடிந்தாலும் முடியாவிட்டாலும். முடியவில்லை என்றால் கணக்காய்வாளர் டிஸ்க்ளெய்மர் எழுதி மூட வேண்டும். 2023-24க்கு 2025 பிப்ரவரி 28, அடுத்ததற்கு 2026 பிப்ரவரி 27 என்று வரிசையாகக் கெடு. நூற்றுக்கணக்கான கணக்குகள் அப்படியே மூடின. கட்டணமும் சுமார் 150 சதவீதம் ஏறியது, அன்றைக்கு வெட்டியதெல்லாம் வட்டியோடு திரும்பியது.

#19 கொக்கி

இதைத்தான் நான் ஆரம்பத்திலேயே சொன்னேன், கெடு வைத்தால் வேலை நடக்கும்!

சும்மா சீண்டவில்லை, சீரியஸாகவே கேட்கிறேன். மூன்று வருடம் கழித்து வரும் சுத்தமான கணக்கு யாருக்கு வேண்டும்? அதற்குள் மேயர் மாறியிருப்பார், நிதி அதிகாரி ரிட்டயர் ஆகியிருப்பார். ஓட்டையோடு வந்தாலும் ஒரு வருடத்துக்குள் வந்தால் கேள்வியாவது கேட்கலாம். அமெரிக்காவில் 1997லிருந்தே மத்திய அரசின் தொகுத்த கணக்குக்குக் கருத்துக் கூற முடியாது என்றுதான் தணிக்கை அலுவலகம் எழுதுகிறது. கணக்கு என்னவோ வருடா வருடம் நேரத்துக்கு வெளிவருகிறது, யாரும் செத்துப்போகவில்லை.

#20 தேனாம்பேட்டை (சென்னை)

கொக்கி தம்பி சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். டெல்லி மாதிரி பெட்டியில் பூட்டுவதற்குக் கெடு வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கணக்குப் போடுவதற்கே கெடு மட்டும் வைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அனாமத்து வீங்கும். கடைசி நாளில் புரியாத தொகையை எல்லாம் "இதர செலவினங்கள்" என்ற 800ஆம் சிறு தலைப்பில் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போடுவோம். நானே போட்டிருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

#21 பேரேடு (லண்டன்)

கொக்கி, உங்கள் கேள்வி நியாயமானது, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு வருடத்துக்கு டிஸ்க்ளெய்மர் விழுந்தால் அது அந்த வருடத்தோடு போகாது. போன வருடத்து முடிவு இருப்புதான் இந்த வருடத்து ஆரம்ப இருப்பு. அதற்கு உறுதி இல்லையென்றால் இந்த வருடம் நான் எவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்தாலும் கணக்காய்வாளர் முழுச் சான்று கொடுக்க மாட்டார். பழைய சேமிப்பு இருப்பு சரிதானா என்று யாராவது பின்னால் போய்த் தோண்ட வேண்டும். எங்களிடம் இப்போது அந்தத் தோண்டல்தான் நடக்கிறது.

இன்னொன்று, கணக்காய்வு நின்று கிடந்த அதே வருடங்களில்தான் ஸ்லாவ் (2021), துரோக், வோக்கிங், பர்மிங்காம் (2023) என்று கவுன்சில்கள் வரிசையாக 114ஆம் பிரிவு அறிவிப்புக் கொடுத்தன, அதாவது கையில் காசு இல்லை என்று. அவை விழுந்ததற்குக் காரணம் கணக்காய்வுத் தாமதம் என்று நான் சொல்லவில்லை. கடன் வாங்கி முதலீடு, சம ஊதிய பாக்கி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. ஆனால் அண்டை வீட்டில் புகை வருகிறது என்று சொல்ல வேண்டிய ஆள் அந்த நேரத்தில் மூன்று வருடம் முந்தைய தாரை எண்ணிக்கொண்டிருந்தார்.

#22 கொக்கி

ம்ம். ஆரம்ப இருப்பு பாயின்ட் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், என் தொழிலே அதுதான். அதில் தோற்றேன். கெடு வேண்டும் என்பதை மட்டும் விட மாட்டேன்.

#23 மட்டுறுத்துநர்

இடையில் கட்சி அரசியல் பேசிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. கணக்கைப் பேசுங்கள்.

#24 சும்மா_கேட்டேன்

எல்லோருக்கும் நன்றி. இதைப் படித்த சூட்டில் நேற்று எங்கள் ஊர் நகராட்சிக்கே போய், போன வருடத்துக் கணக்கைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். விரட்டவில்லை, உட்காரச் சொன்னார்கள். பத்து நிமிடம் கழித்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பார்த்தால் பட்ஜெட். "இது இனிமேல் செலவழிக்கப் போவது, நான் கேட்டது செலவழித்தது" என்றேன். "அதுலயே இருக்கு சார், முதல் காலம் பாருங்க" என்றார்.

பார்த்தேன். மூன்று காலம், அதாவது மூன்று நெடுவரிசை. இரண்டு வருடம் முந்தைய கணக்கு, நடப்பு வருடத் திருத்திய மதிப்பீடு, அடுத்த வருட மதிப்பீடு. தெருவிளக்குப் பராமரிப்பு வரியை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து, பழைய பட்ஜெட் புத்தகத்தோடு வீட்டில் ஒப்பிட்டேன். அன்றைக்கு மதிப்பீடு என்ன போட்டிருந்தார்களோ அதே தொகைதான் "கணக்கு" காலத்திலும் இருக்கிறது. ரூபாய் மாறவில்லை. திட்டமிட்டபடியே செலவழித்திருக்கிறார்கள், நல்ல விஷயம்தானே?

#25 தேனாம்பேட்டை (சென்னை)

தம்பி, முப்பத்து நான்கு வருடத்தில் மதிப்பீடும் செலவும் ரூபாய் மாறாமல் பொருந்தி நான் பார்த்ததே இல்லை. உங்கள் கையில் இருப்பது கணக்கில்லை. கணக்கு முடியாததால் மதிப்பீட்டைப் பார்த்து எழுதிவைத்தது. திங்கட்கிழமை மறுபடி போனால், தெருவிளக்கோடு குடிநீர் வரியையும் பாருங்கள். அதுவும் அப்படியே இருந்தால் இங்கே வந்து சொல்லுங்கள்.

#26 பேரேடு (லண்டன்)

போட்டோவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. நான் கிளம்புகிறேன், இங்கே கணக்காய்வாளர் 2021ஆம் வருடத்து விலைப்பட்டியல் ஒன்று கேட்டு மெயில் போட்டிருக்கிறார்.